தப்பொலியும் கையடக்கத் தொலைபேசியும்

மாசி மாதம் பிறந்துவிட்டால் மலையகத்தின் பல தோட்டங்களில் மாலை வேளைகளில் தப்பொலி கேட்கத் தொடங்கிவிடும். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பகுதிகளில் காமன் கூத்து இன்றும் ஆடப்பட்டு வருகின்றது. சில வருடங்களுக்கு முன்னர் டிக்கோயாவுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றில் மதன் எரியும் இரவை ஆரம்பம் முதல் இறுதிவரை இருந்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கடுங்குளிர், பனிமூட்டத்தில் பத்தடி தூரத்தில் நிற்பவரின் முகம் தெரியவில்லை. ஆனால், கூத்து நடந்த மைதானத்தைச் சுற்றிலும் கையடக்கத் தொலைபேசிகளின் திரைகள் மின்மினிகளைப் போல் ஒளிர்ந்துகொண்டிருந்தன. ஆடுவோரைக் காட்டிலும் படம் பிடிப்போர் அதிகமோ என்று கூட நமக்குத் தோன்றியது.

மறுநாள் காலை நாம் கொழும்புக்கு பஸ் ஏறுவதற்கு முன்னரே அவ்விரவின் துண்டுகள் முகநூலிலும் டிக்டொக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் வலம்வரத் தொடங்கிவிட்டன. ஒன்று 20 விநாடி. மற்றொன்று 40 விநாடி. ஒன்றில் தீப்பந்தம் சுழல்கிறது. மற்றொன்றில் ரதி வேடமிட்ட இளைஞர் ஆடுகிறார். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், பாடியவர் யார், கூத்தைப் பயிற்றுவித்த வாத்தியார் யார் என்ற விபரம் எதிலுமே இல்லை. விடிய விடிய நடந்த கூத்து, பெயரில்லாத சில விநாடிகளாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

இதனைக் குறையாக மட்டும் சொல்வது நமது நோக்கமன்று. தாம் கண்டு மகிழ்ந்ததைப் பிறரும் காண வேண்டும் என்று விரும்புவது மனித இயல்பு. அந்த விருப்பத்தினால் மலையகத்தின் கலைகளுக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கின்றது, அதே விருப்பத்தைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதையே இங்கு நோக்க விழைகின்றோம்.

முதலில் கூத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்பட்டதும், ரதியின் புலம்பலுக்கு இரங்கி அவளது கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் உயிர்ப்பிக்கப்பட்டதும் யாவரும் அறிந்த கதை. இக்கதையைத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட மக்கள் தம்மோடு எடுத்து வந்தனர். மாசி அமாவாசையை அடுத்து வரும் வளர்பிறை நாட்களில் காமன் ஊன்றப்படும். மதனாகவும் ரதியாகவும் வேடமேற்போர் விரதமிருப்பர். ரதியாக ஆடுபவரும் ஆண்தான். மதனும் ரதியும் லயன் லயனாகச் சென்று வாசல்தோறும் ஆடுவர். எரிப்பு நாளன்று தூதன், நந்தி, வீரபுத்திரன், எமன் என்று ஒவ்வொரு பாத்திரமாகக் களத்துக்கு வரும். இடையிடையே குறவன் குறத்தியும் கோமாளியும் வந்து சிரிக்க வைப்பர். 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என இரு தரப்பாகப் பிரிந்து லாவணி பாடுவதும் உண்டு.

இத்தனைக்கும் அச்சிட்ட பாடப் புத்தகம் எதனையும் அங்கு நாம் காணவில்லை. வாத்தியாரின் நினைவிலும், அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய கொப்பி ஒன்றிலும்தான் எல்லாம் இருந்தது. அந்தக் கொப்பியிலும் சொற்கள் மட்டுமே. மெட்டு, தாளம், எந்த இடத்தில் தப்பு ஓய வேண்டும், எந்த இடத்தில் வேகம் கூட வேண்டும் என்பவையெல்லாம் செவி வழியாகவே கைமாறி வந்தவை. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய ஏனைய கூத்துகளின் நிலையும் இதுவே.

தப்பைப் பற்றியும் தனியே கூறியாக வேண்டும். மரவளையத்தில் தோலை இழுத்துக் கட்டிய ஒருமுக வாத்தியம் அது. ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிம்பு. தோல் ஈரத்தை இழுக்கும் தன்மையது. மலைநாட்டுப் பனியில் சிறிது நேரத்திலேயே அது தளர்ந்துவிடும். ஆகவே களத்தின் ஓரத்தில் எப்போதும் ஒரு தீ எரிந்துகொண்டிருக்கும். தப்பைக் காய்ச்சுவதும் அடிப்பதும் மாறி மாறி நடைபெறும். சாமிக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமனுக்கு வேறோர் அடி. பழகிய செவிக்கு, மேற்கணக்கில் என்ன நடக்கின்றதென்று கீழ்கணக்கிலிருந்தே தெரிந்துவிடும்.

தோட்ட நிருவாகமும் இந்த வாத்தியத்தைத் தன் தேவைக்குப் பயன்படுத்தியது. இருள் பிரியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைக்க முன்னைய காலத்தில் தப்புத்தான் அடிக்கப்பட்டது. சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையில் அந்த வைகறைப் பறையொலிக்கு முக்கிய இடமுண்டு. உழைக்க வா என்று அதிகாரம் அழைத்ததும், ஆட வா என்று ஊர் அழைத்ததும் ஒரே தோலின் ஓசையால்தான். அதை அடித்தவர்கள் சாதி அடுக்கின் அடித்தட்டில் வைக்கப்பட்டவர்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தம் பிள்ளைகள் தப்பைத் தொடக்கூடாது என்று சில தகப்பன்மார் நினைப்பதற்கு அதுவே காரணம். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

இசையைக் கொண்டு ஊரைக் கூட்டுவதும், ஓரிடத்தின் பாட்டை இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்வதும் மலையகத்துக்குப் புதியவையல்ல. 1931 இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர், வெளியார் தோட்டங்களுக்குள் நுழைய முடியாதிருந்த அக்காலத்தில் புடவை வியாபாரி போல் வேடமிட்டு லயன்களுக்குச் சென்றதாகக் கூறுவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களில் பாடினார். அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்த மெட்டுகளில் தொழிலாளரின் நிலையைச் சொற்களாக அமைத்தார். 1940 இல் அப்பாடல்கள் சிறு நூலாகவும் வெளிவந்தன. எழுதப் படிக்க வாய்ப்பற்றிருந்த மக்களிடையே ஒரு செய்தி தோட்டம் விட்டுத் தோட்டம் பரவுவதற்கு மெட்டுத்தான் வாகனமாயிற்று. இன்றைய மொழியில் சொன்னால், அது அக்காலத்துப் 'பகிர்வு' எனலாம்.

பின்னர் வானொலி வந்தது. 1925 இல் கொழும்பில் தொடங்கி, 1949 இல் ரேடியோ சிலோனாகி, 1967 இல் கூட்டுத்தாபனமான இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தென்னிந்தியாவிலும் வீடுதோறும் கேட்கப்பட்டது. பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' ஒலிக்கும்போது லயத்தில் ஒரு காம்பிராவில் வானொலிப் பெட்டி இருந்தால் போதும், வரிசை முழுவதும் கேட்கும். சுவர்கள் அவ்வளவு மெல்லியவை! ஹட்டன் நகரில் முஸ்லிம் அன்பர் ஒருவரின் கடை வாசலில் நாகூர் ஈ.எம். ஹனிபாவின் கம்பீரக் குரல் ஒலிக்க, சம்பள நாளன்று சாமான் வாங்க வந்த தோட்டத்து மக்கள் நின்று கேட்டுச் செல்வதை நமது இளமைக் காலத்தில் கண்டிருக்கின்றோம். யாருடைய பாட்டு என்று எவரும் கேட்டதில்லை. 2015 இல் ஹனிபா காலமானபோது, நமக்குத் தெரிந்த தோட்டத்துப் பெரியவர்கள் பலர் தம் வீட்டில் ஒருவரை இழந்தது போல் வருந்தினர்.

இந்த வரிசையில்தான் கையடக்கத் தொலைபேசியும் வந்து சேர்ந்திருக்கின்றது. யூடியூப் 2005 இல் ஆரம்பமானபோது அது லயத்து இஸ்தோப்பு வரை வருமென்று நாம் எவரும் எதிர்பார்க்கவில்லை. 2023 இல் புஸல்லாவைச் சிறுமி அசானி கனகராஜ், ஸீ தமிழ் தொலைக்காட்சியின் 'சரிகமப' சிறுவர் போட்டிக்காகச் சென்னை மேடையில் பாடியபோது, அந்தக் காணொளிகளை மலையகமே திரும்பத் திரும்பப் பார்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் முதலிடம் பெற்றவர் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா. இருவரையும் தம் வீட்டுப் பிள்ளைகளாகவே எல்லோரும் கொண்டாடினர். சிக்னல் தேடி மேட்டுக்கு ஏற வேண்டிய தோட்டங்கள் இன்னும் உள்ளன. அங்கிருந்தவர்களும் ஏறிப் பார்த்தனர்.

இதனினும் நம் நெஞ்சைத் தொட்டது மற்றொன்று. மலையகத்துப் பெண்களில் பலர் மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுப் பணிப்பெண்களாக இருக்கின்றனர். மேற்சொன்ன காமன் இரவில் ஒரு மூதாட்டி, தனக்குச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாத தொலைபேசியைக் கூத்தின் பக்கம் திருப்பி மணிக்கணக்காக நின்றார். மறுமுனையில் அவருடைய மகள். வளைகுடாவில் எஜமானரின் வீட்டு வேலை முடிந்து, படுக்கும் நேரத்தில் தன் தோட்டத்துத் தப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். படம் ஆடியது, குரல் விட்டுவிட்டு வந்தது. ஆயினும் எவர் வீட்டு வாசலில் மதன் ஆடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இதைப் பார்த்தபின் கையடக்கத் தொலைபேசியைப் பழிக்க எவருக்கும் மனம் வராது.

அந்த மூதாட்டி மகளுக்குக் காட்டியதற்கும், மறுநாள் ஊர் சுற்றிய துண்டுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மகளுக்கு அது எந்த இடம், யார் ஆடுகின்றார் என்பது தெரியும். துண்டைப் பார்க்கும் அந்நியருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் ரதி வேடமிட்டு விரதமிருந்து ஆடும் இளைஞரின் படத்துக்குக் கீழே கேலி வாசகமும் சிரிப்புக் குறிகளும் சேர்ந்துவிடுகின்றன. களைப்பில் தடுமாறியவர் 'தோட்டத்துக் குடிகாரர்' ஆகிவிடுகின்றார். மரண வீட்டில் ஒரு தாய் வைத்த ஒப்பாரியைப் படம் பிடித்து, அதன்மேல் சினிமாப் பாடலை ஒட்டிப் பரப்பியதையும் நாம் கண்டோம். மகிழ்வூட்டும் காணொளி என்ற பெயரில் இது நடைபெறுகின்றது. எவருடைய மகிழ்ச்சி என்று கேட்க வேண்டியிருக்கின்றது.

முஸ்லிம் வாசகர்களுக்கு இது புரியாததல்ல. நோன்பு காலத்தில் ஸஹர் நேரத்தில் வீதி வீதியாகச் சென்று தகரா அடித்துப் பைத் பாடி மக்களை எழுப்பும் பக்கீர் பாவாக்களின் மரபு நம் நாட்டில் இருந்து வந்துள்ளது. தகராவும் தப்பைப் போன்றே ஒருமுகத் தோல் வாத்தியந்தான். அதற்கும் சூடு காட்ட வேண்டும். விடியுமுன் மக்களை எழுப்புவது என்ற பணியும் இரண்டுக்கும் பொது. ஒன்று தொழிலுக்கு, மற்றது தொழுகைக்கும் நோன்புக்கும். இன்று தொலைபேசியின் மணியே ஸஹருக்கு எழுப்பிவிடுவதால் பாவாக்கள் வருவது அருகிவிட்டது. அவர்களது றாத்திபு மஜ்லிஸ் காட்சிகளோ, ஆயுதத்தைக் கையிலெடுக்கும் சில விநாடிகளாக வெட்டப்பட்டு, அதிசயமாகவோ கேலியாகவோ பரவுகின்றன. அத்தகைய வழக்கங்களைப் பற்றி முஸ்லிம்களிடையே மாறுபட்ட கருத்துகள் உள்ளன. அதனுள் நாம் புகவில்லை. எனினும், பாடப்பட்ட பைத்தின் சொற்களும் மெட்டும் அந்தத் துண்டில் இல்லை என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்த உண்மை.

துண்டுகளில் இசை கெடுவதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கின்றது. கையடக்கத் தொலைபேசியின் ஒலிவாங்கி முதன்மையாகப் பேச்சுக் குரலுக்காக அமைக்கப்பட்டது. பேரோசை எழும்போது அது தானாகவே ஒலியளவைத் தாழ்த்திக்கொள்ளும். தப்பு அதிரும் கணத்தில் பாடுபவரின் குரலும் சேர்ந்து அமிழ்ந்துபோவதற்கு இதுவே காரணம். தடித்த குச்சி எழுப்பும் ஆழ்ந்த ஓசையைச் சிறிய ஒலிபெருக்கியால் வெளியிட இயலாது; மூங்கில் சிம்பின் 'சடசட' மட்டும் எஞ்சும். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது காணொளி மேலும் சுருக்கப்படுகின்றது. அதைத் தரவிறக்கி இன்னொரு தளத்தில் ஏற்றினால் இன்னும் தேயும். கால எல்லையும் உண்டு: யூடியூப்பின் குறுங்காணொளிகளுக்கு 2024 ஒக்டோபர் வரை ஒரு நிமிடமே இடம்; அதன்பின் மூன்று நிமிடமாக்கப்பட்டது. இராமுழுவதும் பாடும் வாத்தியார் மூன்று நிமிடத்தில் காப்புப் பாட்டைக்கூட முடிக்கமாட்டார்.

சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதிய பாடல்கள் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக 1983 இல் வெளிவந்தன. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் அத்தொண்டைச் செய்திராவிட்டால் அச்சொற்களில் பெரும்பகுதி இன்று நமக்குக் கிட்டியிராது. ஆனால் அவரிடம் இருந்தது பேனா. மெட்டைப் பேனாவால் பிடிக்க முடியாது. அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பாடல் எப்படிப் பாடப்பட்டிருக்கும் என்று ஊகிக்கும் நிலையில்தான் நாம் இருக்கின்றோம்.

இவ்விடத்தில் அமெரிக்க அனுபவமொன்றைக் குறிப்பிடுவது பொருந்தும். 1933 இல் ஜோன் லோமக்ஸ் என்பவரும் அவருடைய மகன் அலனும் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைப் பதிவுசெய்யப் புறப்பட்டனர். காரின் பின்புறத்தில் அவர்கள் ஏற்றிச் சென்ற ஒலிப்பதிவுக் கருவியின் எடை ஏறக்குறைய 140 கிலோ. 1941 இல் அலன் லோமக்ஸ் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்தித் தோட்டத்துக்குச் சென்றார். அங்கு உழவு இயந்திரச் சாரதியாக இருந்த கறுப்பின இளைஞர் ஒருவரின் பாடல்களைப் பதிவுசெய்தார். பெயர், இடம் யாவும் குறிக்கப்பட்டன. பதிவுசெய்த இசைத்தட்டு அந்த இளைஞருக்கே அனுப்பிவைக்கவும்பட்டது. தன் குரலைத் தானே கேட்ட அவர், தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை பெற்று 1943 இல் சிக்காகோவுக்குச் சென்றார். மடி வோட்டர்ஸ் என்று உலகம் பின்னர் அறிந்த இசைக் கலைஞர் அவரே. பருத்தித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் உள்ள ஒற்றுமையை நாம் விரித்துக் கூறத் தேவையில்லை. அன்று 140 கிலோ கருவி செய்த வேலையைச் செய்ய இன்று சட்டைப் பையில் இருப்பதே போதும். லோமக்ஸ் குறித்துக்கொண்ட அந்தப் பெயரும் இடமும்தான் நமது துண்டுகளில் இல்லை.

நமது இளைஞர்களிடம் நாம் வேண்டுவது அதிகமில்லை. பகிரும் துண்டைப் பகிரட்டும். அதற்கு முன், ஓர் இரவாவது முழுமையாகப் பதிவாகட்டும். படம் பிடிக்கத் தொடங்குமுன் தோட்டத்தின் பெயர், டிவிசன், திகதி, வாத்தியார், பாடுவோர், தப்படிப்போர் ஆகியோரின் பெயர்களை வாயாலேயே சொல்லிப் பதிந்துவிட்டால் அவை காணொளியை விட்டுப் பிரியா. தொலைபேசியைக் கிடையாகப் பிடிக்க வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னாலும் தப்புக்கு அருகிலும் நிற்காமல் பாடுபவரின் பக்கம் நிற்பது நல்லது. முடியுமானால் இரண்டாவது தொலைபேசி ஒன்றைப் பாடுபவருக்கு அருகே வைத்து ஒலியை மட்டும் தனியே பதியலாம். கூத்து இல்லாத ஒரு பகற்பொழுதில் வாத்தியாரை வீட்டில் இருத்தி, தப்பில்லாமல் பாடச் சொல்லிப் பதிவது இன்னும் பயனுடையது; சொற்கள் தெளிவாக விழும். மூலப் பதிவைச் சுருக்காமல் நினைவக அட்டையில் வைத்திருக்க வேண்டும்.

முன்கூட்டியே சம்மதம் கேட்பதும் அவசியம். அது மரியாதைக்காக மட்டுமன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துவோரின் உரிமைகளையும் நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் பாதுகாக்கின்றது. தப்படிப்பவருக்கும் அந்த உரிமை உண்டு என்பதை அவரே அறிந்திருக்கமாட்டார். காணொளியால் வருமானம் பெறுவோர் சிலர் இருக்க, ஆடியவருக்குச் சாப்பாட்டுச் செலவுக்கும் தோட்டத்தில் பணம் திரட்ட வேண்டியிருப்பது நியாயமாகத் தோன்றவில்லை. ஒப்பாரியைப் பொறுத்தவரை, வீட்டார் தாமே கேட்டாலன்றித் தொலைபேசியை வெளியே எடுக்காமலிருப்பதே முறை.

பதிந்தவற்றைச் சேர்த்து வைப்பதற்கும் இடமிருக்கின்றது. யூடியூப் பிறந்த அதே 2005 இல் நம் நாட்டுத் தமிழர் சிலரின் முயற்சியால் நூலகம் எண்ணிம நூலகம் ஆரம்பமானது. இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் இலவசமாகத் தரும் அந்நிறுவனம், ஒலி, ஒளிப் பதிவுகளுக்கென 'ஆவணகம்' என்ற தனித் தளத்தையும் நடத்துகின்றது. பாவாக்களின் பைத்தும் காமன் பாட்டும் அருகருகே இருக்கத்தக்க இடம் அது. தனியார் தளமொன்றில் ஏற்றிய காணொளி, கணக்கு முடக்கப்பட்டால் ஒரே நாளில் மறைந்துவிடலாம். ஆகையால் தோட்டப் பாடசாலையிலோ கோயிலிலோ ஒரு பென்டிரைவில் மற்றொரு பிரதியை வைப்பதும் புத்திசாலித்தனம்.

டிக்கோயாவில் நாம் கண்ட அந்த வாத்தியாருக்கு எழுபது வயதுக்கு மேல். எரிப்பு முடிந்த காலையில் பேரன் தன் தொலைபேசியில் பிடித்திருந்த நீண்ட பகுதி ஒன்றை அவருக்குக் காட்டினான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தவர், பாதியில் நிறுத்தச் சொன்னார். ரதி புலம்பலில் ஓர் அடியைத் தாமே விட்டுவிட்டதாகக் கூறி, அதை அங்கேயே குந்தியிருந்து பாடிக் காட்டினார். பேரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அதையும் பதிந்துகொண்டான்.